புது என்ஜினுக்கு முதலில் ஆயில், பிறகுதான் பிளக்

மோட்டார் பட்டறை: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: என் மாருதி 800 கார்புரேட்டர் வண்டியின் என்ஜினை முழுசாகப் பிரித்து வேலை பார்த்திருக்கிறேன். போர் அடித்து, கிராங்க் கிரைண்டிங் செய்து, பிஸ்டன், ரிங், பேரிங், ஆயில் பம்ப் எல்லாம் புதிதாகப் போட்டாயிற்று. "ஆயில் ஊற்றினால் போதும், ஸ்டார்ட் ஆனதும் தானாக ஏறிக்கொள்ளும்" என்கிறார் மெக்கானிக். "பிரஷர் வராமல் ஸ்டார்ட் பண்ணவே விடாதீங்க" என்கிறார் லேத் பட்டறைக்காரர். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகர், திருச்செங்கோடு

பதில்: லேத் பட்டறைக்காரர் பேச்சைக் கேளுங்கள். கிராங்க்கைத் தேய்த்து அளவெடுத்துக் கொடுத்தவர் அவர். அது எதனால் கெடும் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

ஓடுகிற என்ஜினில் கிராங்க் பேரிங்கின் மேல் உட்கார்ந்து சுற்றுவதில்லை, நடுவில் இருக்கும் ஆயில் படலத்தின் மேல்தான் மிதந்து சுற்றுகிறது. பேரிங்குக்கும் கிராங்க்குக்கும் விடுகிற இடைவெளி, சிறிய கார் என்ஜின்களில் பொதுவாக 0.02 முதல் 0.06 மில்லிமீட்டர்தான். அந்த இடைவெளியில் ஆயில் இல்லாமல் என்ஜின் சில நொடி ஓடினாலும் பேரிங்கின் மேல் பூசியிருக்கும் மென்மையான உலோகம் கீறிவிடும். அன்றைக்குச் சத்தம் எதுவும் கேட்காது. சில ஆயிரம் கிலோமீட்டர் ஓடிய பிறகு ராட் பேரிங் தட்ட ஆரம்பிக்கும். அப்போது, "பேரிங் சரக்கு சரியில்லை" என்று பழி வேறு எங்கோ போகும்.

ஓடிக்கொண்டிருந்த என்ஜினை ஒரு வாரம் நிறுத்தி வைத்தாலும் பம்ப்பிலும் பேரிங்கிலும் கொஞ்சம் ஆயில் ஒட்டியிருக்கும். உங்களுடையதில் அதுவும் கிடையாது. பிளாக்கைக் கழுவி, ஆயில் வழிகளில் காற்றடித்துத் துடைத்திருக்கிறார்கள். ஃபில்டர் காலி, புது பம்ப்பும் உலர்ந்து கிடக்கிறது. மாருதி 800-இல் பம்ப் கிராங்க்கின் முன்முனையிலேயே, சம்ப்பில் நிற்கும் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கிறது. கீழேயிருக்கும் ஆயிலை ஸ்ட்ரெய்னர் வழியாக அது உறிஞ்சி மேலே தூக்க வேண்டும். உலர்ந்த பம்ப்பில் பற்சக்கர இடுக்கு வழியே காற்று நழுவிவிடும், உறிஞ்சும் வலு வராது. கிணற்று மோட்டாருக்குத் தண்ணீர் ஊற்றிக் காற்றை வெளியேற்றிய பிறகுதானே ஸ்விட்சைப் போடுகிறோம்? இதுவும் அதே சங்கதிதான்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. பம்ப்பை இன்னும் மாட்டவில்லை என்றால், மூடியைத் திறந்து பற்சக்கர இடுக்குகளில் மருந்துக் கடை வாசலினை அடைத்து மூடச் சொல்லுங்கள். என்ஜின் சூடானதும் அது உருகி ஆயிலோடு கலந்துவிடும். சக்கரத்துக்கு வைக்கிற கிரீஸ் கூடாது. அது எளிதில் கரையாமல் ஃபில்டரிலோ ரிலீஃப் வால்விலோ போய் உட்காரும். பம்ப் ஏற்கெனவே ஏறிவிட்டது என்றால், ஃபில்டரைக் கழற்றி, பம்ப்பிலிருந்து வரும் துளையில் ஆயில் கேனால் ஆயிலைச் செலுத்துங்கள். அது பின்பக்கமாக இறங்கிப் பம்ப்பை நனைக்கும்.

2. புது ஃபில்டரில் கொள்கிற மட்டும் ஆயில் ஊற்றி மாட்டுங்கள். ஊற்றுவது நடுத் துளையில் அல்ல, சுற்றியிருக்கும் சிறு துளைகளில். அப்போதுதான் அந்த ஆயிலும் வடிகட்டப்பட்டு உள்ளே போகும்.

3. சம்ப்பில் கையேட்டில் சொன்ன அளவு ஆயில் ஊற்றி, டிப் ஸ்டிக்கில் பாருங்கள். ஹெட் கவரைத் திறந்து கேம், ராக்கர் மேலும் கொஞ்சம் ஊற்றுங்கள். இது மேல்பகுதிக்கு நல்லது. ஆனால் மெயின் பேரிங்குக்கு இதனால் ஒரு சொட்டும் போகாது. பலரும் ஏமாறுவது இங்கேதான்.

4. மூன்று பிளக்கையும் கழற்றுங்கள். காயிலுக்கு வரும் கரண்ட் வயரைப் பிடுங்கிவிடுங்கள். ஹெச்.டி. வயரைச் சும்மா தொங்க விட்டுச் செல்ஃப் அடித்தால் பொறி பறக்கும், பக்கத்தில் பெட்ரோல் ஆவி இருக்கும். பெட்ரோல் பைப்பையும் கழற்றி முனையை அடைத்துவிடுங்கள். பின்னால் வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டியாக இருந்தால் ஃபியூவல் பம்ப் ஃபியூஸை எடுத்து, இன்ஜெக்டர் கனெக்டர்களையும் பிரித்துவிட வேண்டும். இல்லையென்றால் பெட்ரோல் இறங்கி, சிலிண்டர் சுவரில் தடவியிருக்கும் ஆயிலைக் கழுவிவிடும்.

5. இனி செல்ஃப் அடிக்கலாம். ஒரு தடவைக்குப் பத்துப் பதினைந்து நொடி. பிறகு ஒரு நிமிடம் ஓய்வு, இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் மோட்டார் சூடேறும். பிளக் இல்லாததால் கம்ப்ரஷன் இல்லை, பேரிங் மேல் சுமையும் இல்லை. ஆயில் லைட் அணைந்த பிறகும் ஓரிரு தடவை அடித்து, ராக்கர்களில் ஆயில் வருவதைக் கண்ணால் பாருங்கள்.

அதன் பிறகு பிளக்கை மாட்டுங்கள். அன்றைக்கே ஸ்டார்ட் செய்துவிடுவது நல்லது. வேலை முடிந்த என்ஜினை மாதக்கணக்கில் மூலையில் போட்டு வைத்தால், இதையெல்லாம் மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும்.

கேள்வி: நீங்கள் சொல்வது போலப் பிளக்கைக் கழற்றிவிட்டு நாலைந்து தடவை செல்ஃப் அடித்தும் ஆயில் லைட் அணையவில்லை. ஸ்டார்ட் செய்து பார்த்தால் சரியாகிவிடுமா?
– வாசகர், தேனி

பதில்: ஆகாது. செய்யவே வேண்டாம். முதலில் பேட்டரி முழு சார்ஜில் இருக்கிறதா என்று பாருங்கள். செல்ஃப் மந்தமாகச் சுற்றினால் பம்ப்பும் மந்தமாகத்தான் இழுக்கும்.

அடுத்து, ஆயில் பிரஷர் ஸ்விட்சைக் கழற்றி அந்த இடத்தில் மெக்கானிக்கல் கேஜ் ஒன்றை மாட்டுங்கள். லைட் பாதி உண்மையைத்தான் சொல்லும். பெரும்பாலான ஸ்விட்சுகள் 0.3 முதல் 0.5 பார் வந்தாலே லைட்டை அணைத்துவிடும். கெட்டுப்போன ஸ்விட்ச், பிரஷர் இருந்தாலும் லைட்டை எரிய விடும். கேஜ் முள் அசைந்தால் குற்றம் ஸ்விட்சில். அசையவில்லை என்றால் குற்றம் உள்ளே.

உள்ளே என்றால் வழக்கமான சந்தேகங்கள் சில உண்டு. ஸ்ட்ரெய்னர் பைப்பின் ஓ-ரிங் விட்டுப்போயிருக்கும் அல்லது கிழிந்திருக்கும். அப்போது பம்ப் ஆயிலுக்குப் பதில் காற்றை இழுக்கும். பிளாக்கைக் கழுவும்போது கழற்றிய கேலரி பிளக்கை மறுபடி போட மறந்திருப்பார்கள். ரிலீஃப் வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டிருக்கும். பேரிங்கின் ஆயில் துளையும் பிளாக்கின் துளையும் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் இருக்கும். இதில் எதுவும் ஸ்டார்ட் செய்தால் சரியாகிற குற்றமல்ல. சம்ப்பை இறக்கிப் பார்ப்பது அரை நாள் வேலை. இறக்காமல் விட்டால் மறுபடி கிராங்க் கிரைண்டிங்.

கேள்வி: வெளிநாட்டு வீடியோக்களில் டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றிவிட்டு, அந்தத் துளைக்குள் டிரில் மெஷினால் பம்ப்பைச் சுற்றி ஆயில் ஏற்றுகிறார்கள். என் பழைய பெட்ரோல் அம்பாசிடருக்கு அப்படிச் செய்யலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் செவர்லே வி-8 என்ஜினாக இருக்கும். அதில் கேம் பற்சக்கரம் டிஸ்ட்ரிபியூட்டரில்தான் இருக்கிறது. டிஸ்ட்ரிபியூட்டரை வெளியே எடுத்தால் பம்ப் கேமிலிருந்து விடுபடும், டிரில்லால் தாராளமாகச் சுற்றலாம். உங்கள் அம்பாசிடரின் 1489 சிசி என்ஜின் பிரிட்டிஷ் பி.எம்.சி. வழி வந்தது. அதில் பம்ப்புக்குக் கேமிலிருந்து தனி ஷாஃப்ட், டிஸ்ட்ரிபியூட்டருக்குத் தனி ஷாஃப்ட். டிஸ்ட்ரிபியூட்டர் துளையில் டிரில்லை விட்டால் பம்ப் கிடைக்காது. பழைய வில்லிஸ் ஜீப் என்ஜினிலும் இது நடக்காது. அங்கே பம்ப் ஷாஃப்ட்டே கேமோடு பூட்டியிருக்கும்.

உங்களுக்குச் சிறந்த வழி பிரஷர் டேங்க். மூடிய சிறு டேங்க்கில் ஆயில் ஊற்றி, கம்ப்ரஸர் காற்றால் 30 முதல் 40 பி.எஸ்.ஐ. கொடுத்து, ஹோஸை ஆயில் பிரஷர் எடுக்கும் துளையில் மாட்டித் திறப்பார்கள். அப்போது கிராங்க்கைக் கையால் மெதுவாக இரண்டு முழுச் சுற்று சுற்ற வேண்டும். சில வழிகள் கிராங்க்கும் கேமும் குறிப்பிட்ட நிலைக்கு வந்தால்தான் திறக்கும். இந்த முறையில் ஒன்றோடொன்று உரசுகிற வேகமே இல்லாமல் எல்லாப் பேரிங்குக்கும் ஆயில் போய்விடும். டேங்க் கிடைக்காவிட்டால், வாசலின் அடைத்த பம்ப்பும் பிளக் கழற்றிய செல்ஃபும் போதும்.

கேள்வி: வேலை முடிந்த என்ஜின் மிகவும் டைட்டாக இருக்கிறது, செல்ஃப் இழுக்கவில்லை. "இன்னொரு வண்டியில் கட்டி இழுத்தால் விட்டுக்கொடுக்கும்" என்கிறார் மெக்கானிக். இழுக்க விடலாமா?
– வாசகி, பொள்ளாச்சி

பதில்: விடாதீர்கள் அம்மா. புது ரிங் போட்ட என்ஜின் கொஞ்சம் டைட்டாக இருப்பது இயல்பு. ஆனால் பிளக்கைக் கழற்றிய பிறகு, கிராங்க் போல்ட்டில் நீளமான ஸ்பேனர் வைத்தால் கையால் சீராகச் சுற்ற வேண்டும். சுற்றவில்லை என்றால் எங்கோ பேரிங் இடைவெளி தப்பாக இருக்கிறது, அல்லது கேப் இடம் மாறி மாட்டப்பட்டிருக்கிறது. கட்டி இழுத்தால், ஆயில் ஏறாத பேரிங் மேல் ஒரு முழு வண்டியின் இழுவிசையைப் போடுகிறீர்கள். அது விட்டுக்கொடுப்பது போலத் தெரிவது, பேரிங் உலோகம் வழிந்து தேய்வதால்தான். பிரித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: பிரஷர் வந்து ஸ்டார்ட்டும் ஆகிவிட்டது. இனி எப்படி ஓட்டுவது? ஆயிலை எப்போது மாற்றுவது?
– வாசகர், திருநெல்வேலி

பதில்: ஸ்டார்ட் ஆனதும் கண் கேஜில் இருக்கட்டும். ஐந்து நொடிக்குள் பிரஷர் எழவில்லை என்றால் உடனே நிறுத்துங்கள். அம்பாசிடர் போன்ற பழைய என்ஜின்களில் கேம் லோபுக்குத் தெறித்து வரும் ஆயில்தான் போகிறது. ஐடிலில் அது குறைவு. அதனால் புது கேம் போட்டிருந்தால் முதல் இருபது நிமிடம் 1500 முதல் 2000 சுற்றில் வைத்திருங்கள். தண்ணீர் சூட்டையும் கசிவையும் கவனியுங்கள். பிறகு ஆறவிட்டு ஆயில் மட்டத்தைச் சரிபாருங்கள்.

முதல் 1000 கிலோமீட்டருக்குச் சாதாரண மினரல் ஆயில், கையேட்டில் சொன்ன கிரேடில் போதும். விரட்டவும் வேண்டாம், மணிக்கணக்கில் ஐடிலில் விடவும் வேண்டாம். வேகத்தை மாற்றி மாற்றி, மிதமான சுமையோடு ஓட்டினால் ரிங் நன்றாகப் படியும். 500 கிலோமீட்டரில் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள். பழைய ஃபில்டரை அறுத்துத் தாளை விரித்துப் பாருங்கள். மெல்லிய சாம்பல் பொடி இருந்தால் பயமில்லை. பேரிங் நிறத்தில் மினுங்கும் தகடுகள் இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள்.

லேத் கூலி, பேரிங், பிஸ்டன், ரிங் என்று அத்தனை செலவழிக்கிறவர்கள் இந்த அரை மணி நேரத்தில் மட்டும் அவசரப்படுகிறார்கள். என்ஜின் வேலை கொடுக்கும்போதே பட்டறையில் ஒரு நிபந்தனை போட்டுவிடுங்கள்: கேஜில் பிரஷரைக் காட்டாமல் பிளக்கை மாட்டக் கூடாது.