பினாங்கிலிருந்து ரயிலேறி ஊர் பார்க்க: புதியவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஜார்ஜ்டவுன் வெல்ட் கீ கடற்கரைச் சாலையில் மணிக்கூண்டு வைத்த ஒரு பெரிய கட்டடம் நிற்கிறது. இன்று அது சுங்கத்துறையின் விஸ்மா கஸ்தாம். 1907இல் எழுந்த காலத்தில் அது ரயில்வேக்காரர்களின் கட்டடம். டிக்கெட் இங்கே வாங்கலாம், மூட்டை முடிச்சுகளை இங்கே ஒப்படைக்கலாம். ரயில் மட்டும் வராது. படகேறி அக்கரையில் பிறைக்குப் போய்த்தான் ரயிலைப் பிடிக்க வேண்டும். தண்டவாளமே இல்லாத ரயில் நிலையம் என்று பினாங்குக்காரர்கள் இதைக் காட்டிச் சிரிப்பதுண்டு.

தீவில் இருப்பவர்களுக்கு ரயில் என்றாலே ‘அக்கரைச் சமாச்சாரம்’ என்ற நினைப்பு அன்றிலிருந்து இன்றுவரை போகவில்லை. கோலாலம்பூருக்குக்கூடக் காரில் பாலம் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். ஒரு வேலையும் இல்லாமல், ஊர் பார்ப்பதற்காகவே ரயிலேற நினைக்கும் புதியவர்களுக்கு இந்தக் குறிப்புகள்.

முதல் படி: கடலைத் தாண்டுங்கள்

காலையில் ராஜா துன் ஊடா படகுத்துறைக்கு வந்துவிடுங்கள். பாலம் வழியாக டாக்சியில் போகலாம்தான்; ஆனால் பயணத்தின் ஒரு பங்கை வீணாக்கியதாக ஆகிவிடும். 2023இல் வந்த புதிய படகுகள் ஆட்களையும் மோட்டார் சைக்கிள்களையும் மட்டும் ஏற்றுகின்றன. கார் ஏற்றிய பழைய பெரிய பெரிகளின் கம்பீரம் இவற்றுக்கு இல்லை. பரவாயில்லை, கால் மணி நேரத்துக்குள் பட்டர்வொர்த் வந்துவிடும். ரொக்கப் பணத்தை நம்பிப் போகாதீர்கள். டச் அன் கோ அட்டையோ வங்கி அட்டையோ கையில் இருக்கட்டும். அக்கரையில் இறங்கியதும் பினாங்கு சென்ட்ரல் வழியாக நடந்தே ரயில் நிலையத்துக்குப் போய்விடலாம்.

இரண்டாம் படி: வேகமான ரயிலை விட்டுவிடுங்கள்

பட்டர்வொர்த்தில் இரண்டு வகை ரயில் உண்டு. இடிஎஸ் என்பது விரைவு மின்ரயில். மணிக்கு 140 கிலோமீட்டர் வரை ஓடும், இருக்கை எண் உண்டு, ரயில் நிறுவனமான கேடிஎம்பியின் செயலியில் முன்பதிவு செய்ய வேண்டும். பள்ளி விடுமுறையிலும் பெருநாள்களிலும் சீக்கிரம் நிரம்பிவிடும். கோலாலம்பூரில் கல்யாணம் என்றால் இதில் போங்கள்.

மற்றது கொமுட்டர். ஊர் பார்க்க அதுதான். முன்பதிவு கிடையாது, இருக்கை எண் கிடையாது, கட்டணம் குறைவு, எல்லாச் சிறு நிலையத்திலும் நிற்கும். ஏறுகிறவர்களைப் பார்த்தாலே ஊர் மாறுவது தெரியும்: பள்ளிச் சீருடைப் பிள்ளைகள், மருத்துவமனைக்குப் போகிற பாட்டி, சந்தைப் பையோடு மக்சிக்மார்கள். எந்த நிலையத்திலும் இறங்கி, அடுத்த வண்டிக்குக் காத்திருந்து, மறுபடி ஏறலாம்.

ஒரு எச்சரிக்கை. ஒரு வண்டியைத் தவறவிட்டால் அடுத்ததற்கு ஒரு மணி நேரம், சில வேளை இரண்டு மணி நேரமும் ஆகும். இறங்கியவுடன் முதல் வேலையாகத் திரும்பும் வண்டியின் நேரத்தைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். கடைசி வண்டியை நம்பித் திட்டம் போடாதீர்கள். அதற்கு முந்தியதை நம்பிப் போடுங்கள்.

பட்டர்வொர்த் ஒரு கிளைப் பாதையின் முனை என்பதும் நினைவில் இருக்கட்டும். பிரதான பாதை புக்கிட் மெர்தாஜம் வழியாக ஓடுகிறது. ஆகவே பாடாங் பெசாரிலிருந்து கோலாலம்பூர் போகும் இடிஎஸ்ஸைப் பட்டர்வொர்த்தில் காத்துக்கொண்டு நிற்க வேண்டாம். புக்கிட் மெர்தாஜம் போய்ப் பிடிக்க வேண்டும்.

மூன்றாம் படி: வடக்கா, தெற்கா

வடக்கே போனால் வயல். தெற்கே போனால் ஏரியும் மலையும்.

வடக்குப் பாதை பாடாங் பெசார் வரை, இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. சுங்கை பட்டாணி நெருங்கும்போதே இடப்பக்கம் ஒரு மலை தனியாக எழுந்து நிற்கும். அதுதான் ஜெராய், 1,217 மீட்டர். கடலில் வந்த கப்பல்களுக்கு அந்தக் காலத்தில் அதுதான் அடையாளம். அதன் அடிவாரத்தில்தான் பூஜாங் பள்ளத்தாக்கு, நம்மவர்கள் கடாரம் என்று சொல்லி நெஞ்சு நிமிர்த்தும் மண். ராஜேந்திர சோழனின் கப்பற்படை 1025இல் இந்தப் பக்கம் வந்துபோனது. குருண் தாண்டும்வரை அந்த மலை சன்னலை விட்டு நகராது. காலை வண்டியென்றால் இடப்பக்கமே உட்காருங்கள்: வெயிலும் படாது, மலையும் தெரியும்.

குருணுக்கு அப்பால் கெடாவின் நெல் வயல். மூடா நீர்ப்பாசனத் திட்டம் வந்த 1970களிலிருந்து இங்கே ஆண்டுக்கு இரண்டு போகம். நாற்று நட்ட புதிதில் வயல் கண்ணாடியாய்க் கிடக்கும்; கதிர் முற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் பொன்னிறம். அறுத்து முடித்த வெறும் வயலைப் பார்த்துவிட்டு ‘இதற்கா வந்தோம்’ என்று சொல்லாதீர்கள். கிளம்புமுன் கெடாவில் யாரையாவது கேட்டுக்கொள்வது நல்லது. அலோர் ஸ்டாருக்குப் பின் கோடியாங், ஆராவ், புக்கிட் கெத்ரி என்று நிலையங்கள் சிறுத்துக்கொண்டே போகும். பெர்லிஸில் சுண்ணாம்புக் குன்றுகள் வயல் நடுவே எழுந்து நிற்கும். பாடாங் பெசாரில் மலேசிய, தாய்லாந்துக் குடிநுழைவு இரண்டும் ஒரே நிலையத்தில். கடவுச்சீட்டு இருந்தால் ஹாட் யாய்க்கு வண்டி மாறலாம். தாய்லாந்துக் கடிகாரம் ஒரு மணி நேரம் பின்தங்கியது என்பதைக் கணக்கில் வையுங்கள்.

முதல் பயணத்துக்கு நான் தெற்கைத்தான் சொல்வேன்.

நான்காம் படி: பாடாங் ரெங்காஸ் வரை

சிம்பாங் அம்பாட், நிபோங் திபால் பக்கம் செம்பனை. பால்மரம் நின்ற தோட்டங்கள் பல இப்போது செம்பனையாகிவிட்டன. லயங்களும் போய்விட்டன, சில இடங்களில் கோவில் மட்டும் மிச்சம். பாரிட் புந்தாரிலும் பாகான் செராயிலும் மறுபடி நெல். இந்தக் கிரியான் வயல்களுக்குத் தண்ணீர் தர 1906இல் உருவாக்கிய நீர்த்தேக்கம்தான் புக்கிட் மேரா ஏரி. பாகான் செராய் தாண்டியதும் கைப்பேசியை உள்ளே வைத்துவிடுங்கள். ரயில் ஏரிக்குள்ளேயே இறங்குவது போலிருக்கும்: இரு பக்கமும் தண்ணீர், நடுவே 3.5 கிலோமீட்டர் பாலம். கரையோரப் புல்திட்டுகளில் கொக்கு நிற்கும். காற்றில்லாத நாளில் மலையின் நிழல் தலைகீழாய்த் தெரியும். சில நிமிடம்தான், அதற்குள் முடிந்துவிடும்.

பிறகு கமுண்டிங், தைப்பிங். இடப்பக்கம் புக்கிட் லாருட் மலைத்தொடர், பெரும்பாலும் உச்சியில் மேகத்தோடு. தீபகற்பத்திலேயே மழை அதிகம் கொட்டும் ஊர் தைப்பிங். குடை இல்லாமல் இறங்காதீர்கள். திரும்பும்போது பிற்பகல் வண்டியில் வலப்பக்கம் உட்கார்ந்தால் அந்த மலைமேல் மேற்கு வெயில் விழுந்திருக்கும். படம் எடுக்க அதுவே நேரம்.

தைப்பிங்குக்கு அப்பால் புக்கிட் பெராப்பிட் சுரங்கம், 3.3 கிலோமீட்டர். பழைய ஒற்றைப் பாதை குன்றுகளைச் சுற்றி வளைந்து சிறு சுரங்கங்களுக்குள் நுழைந்து போனது. ஈப்போ–பாடாங் பெசார் இரட்டை மின்பாதை வேலை 2014இல் முடிந்தபோது அந்த வளைவுகளும் போயின. இருட்டிலிருந்து வெளியே வந்தால் பாடாங் ரெங்காஸ். சுண்ணாம்புப் பாறையான குனோங் போண்டோக் பக்கத்தில் எழும்பி நிற்க, ஒரு சிறிய ஊர். இறங்குகிறவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். வண்டி போனபின் நடைமேடையில் நீங்களும் சிட்டுக்குருவிகளும்தான். சாலையோரக் கடையில் தே தாரிக் குடித்துவிட்டு, பாறையைப் பார்த்துக்கொண்டு ஒரு சுற்று நடக்கலாம். சுற்றுலாத் தலம் எதுவும் இல்லை. அதற்காகத்தான் இங்கே இறங்கச் சொல்கிறேன்.

ஓர் உண்மையையும் சொல்லிவிட வேண்டும். பலகைச் சுவர், ஓட்டுக் கூரை, வாசலில் பூந்தொட்டி வைத்த பழைய கிராமத்து நிலையங்களைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். இரட்டைப் பாதை வந்தபோது அவற்றில் பெரும்பாலானவை இடிபட்டு, ஒரே அச்சில் வார்த்த கான்கிரீட் நிலையங்கள் வந்தன. வேகம் கிடைத்தது, தடங்கலும் குறைந்தது. அழகைப் பற்றி ஒப்பந்தத்தில் யாரும் எழுதவில்லை போலும். பழமையைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்றால் ஈப்போ வரை போங்கள். கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்து 1917இல் முடிந்த வெள்ளை நிலையத்தை ‘ஈப்போவின் தாஜ்மகால்’ என்கிறார்கள். அப்படியே புந்தோங் போய்க் கச்சாங் பூத்தே வாங்கி வரலாம். நம்மவர்கள் தலைமுறையாய்ச் செய்யும் தொழில். ஆனால் கொமுட்டருக்குள் சாப்பிடக்கூடாது, வீட்டுக்கு வந்து பிரியுங்கள்.

ஐந்தாம் படி: தைப்பிங்கில் ஒரு கூடுதல் பயணம்

நேரம் இருந்தால் தைப்பிங்கிலிருந்து வாடகைக் காரில் கோல செப்பேத்தாங் போய்வாருங்கள். முன்பு அதன் பெயர் போர்ட் வெல்ட். தைப்பிங்கிலிருந்து அங்கே போன 12.8 கிலோமீட்டர் பாதைதான் மலாயாவின் முதல் ரயில் பாதை. 1885 ஜூன் 1இல் திறந்தார்கள். லாருட் ஈயத்தைத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக அது வேண்டியிருந்தது. பாதையை அமைத்தவர்கள் இலங்கையிலிருந்து வந்த பயனியர் படையினர்.

தண்டவாளம் இன்று இல்லை. நிலையத்தின் பெயர்ப்பலகை மட்டும் ஒரு காப்பிக் கடைக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் என்று ஊர்ப்பெயர் நான்கு எழுத்திலும் இருக்கிறது. பலகையின் முன் நின்று படம் எடுக்கிறவர்களில் பாதிப்பேர் தமிழ் எழுத்தைக் கவனிப்பதில்லை, நீங்கள் கவனியுங்கள். அன்று ரயில்வேயில் யார் வேலை செய்தார்கள் என்பதற்கு அந்தப் பலகையே சாட்சி. பின்னாளில் தண்டவாளம் போட்டதும் பராமரித்ததும் தமிழகத்துக் கூலிக்காரர்கள். ஸ்டேஷன் மாஸ்டர், கிளார்க்கு நாற்காலிகளில் யாழ்ப்பாணத்தார் பலர். 1942–43இல் ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் போட்டபோது தோட்டங்களிலிருந்து பிடித்துக்கொண்டு போனதும் இவர்களின் உறவுகளைத்தான். பல்லாயிரம் பேர் திரும்பவில்லை.

தீவை விட்டு இறங்க நேரமில்லாதவர்களுக்கு

பினாங்கு மலை ரயில் இருக்கிறது. 1923இல் ஓடத் தொடங்கியது; பாதி மலையில் வண்டி மாறி ஏறிய பழைய பயணம் நிதானமானது. 2011இலிருந்து புதிய வண்டி ஒரே மூச்சில் மேலே கொண்டுபோய்விடுகிறது. வாரநாள் காலையில் போங்கள். ஞாயிற்றுக்கிழமை என்றால் வரிசையில் நிற்பதுதான் பயணம். உச்சியில் முருகன் கோவில் உண்டு.

பழகியவர்களுக்கு: காட்டுப் பாதை

இரண்டு மூன்று பயணம் போய்க் கை பழகிவிட்டால் கெமாஸிலிருந்து தும்பாட் வரை போகும் கிழக்குக் கரைப் பாதையைக் குறிவையுங்கள். 526 கிலோமீட்டர், ஒற்றைத் தண்டவாளம், மின்கம்பி இல்லை, டீசல் வண்டி. 1931இல் முழுமையான இந்தப் பாதையின் ஒரு பகுதியைத்தான் ஜப்பானியர் பெயர்த்துச் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். கோல லிப்பிஸ், குவா மூசாங், டாபோங் என்று காடும் ஆறும் பாறையுமாக இருக்கும். சாலை எட்டாத கிராமத்து நிலையங்களை இன்னும் பார்க்க வேண்டுமென்றால் இந்தப் பாதைதான். பினாங்கிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியாது; ஓரிரவாவது தங்கத் திட்டமிடுங்கள், வடகிழக்குப் பருவமழை கொட்டும் டிசம்பரைத் தவிருங்கள். 2014 டிசம்பர் வெள்ளம் இந்தப் பாதையை அறுத்துப் போட்டது; சரிசெய்ய ஆண்டுகள் ஆயின.

அதற்கு முன் ஒரு வாரநாளில் விடுப்பு எடுத்து, காலைப் படகைப் பிடித்து, பாடாங் ரெங்காஸ் போய்வாருங்கள். வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் அவரிடம் ஒரு கதை இருக்கும்.