அடகுக் கடைக்கு முன் தட்ட வேண்டிய கதவுகள்

புற்றுநோய் என்று பயாப்சி அறிக்கை வந்த மறுநாளே நம் வீடுகளில் பீரோ திறக்கிறது. வளையல் அடகுக் கடைக்குப் போகிறது, தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டியாகிறது. அதற்குப் பிறகுதான் பார்க்க வந்த சித்தப்பா கேட்கிறார்: "ஏம்ப்பா, காப்பீட்டு அட்டை இல்லையா?"

இந்த வரிசையைத் திருப்பிப் போட வேண்டும். உதவி நிதிகளில் பெரும்பாலானவை இனி வரப்போகும் செலவுக்குத்தான் பணம் தரும். கட்டி முடித்த பில்லைக் காட்டினால் கைவிரித்துவிடுவார்கள். தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்று எந்தக் கதவை முதலில் தட்டலாம் என்று பார்ப்போம்.

1. முதல்வர் காப்பீடா, இ.எஸ்.ஐ.யா?

குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்தான் முதல் கதவு. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் இதில் வரும். கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. அட்டை இல்லாதவர்கள் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதாருடன் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டு மையத்துக்குப் போகலாம். கட்டணமில்லா எண் 1800 425 3993. இதில் ஒரு குறை உண்டு: சிகிச்சைகள் 'பேக்கேஜ்' கணக்கில் வருவதால், விலை உயர்ந்த புதிய மருந்துகள் எல்லாம் அதற்குள் அடங்காது.

வீட்டில் ஒருவர் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்கி, அதில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், அதை மறந்துவிடாதீர்கள். சிகிச்சைச் செலவுக்கு அங்கே உச்சவரம்பு இல்லை. நோயாளியே தொழிலாளியாக இருந்து, இரண்டு ஆண்டு பணியும் போதிய சந்தாவும் இருந்தால், புற்றுநோய்க்கான நீட்டித்த நோய்க்கால உதவியாக சம்பளத்தில் 80 சதவீதம் இரண்டு ஆண்டு வரை கிடைக்கும். வேலைக்குப் போக முடியாத மாதங்களில் அடுப்பு எரிய வைப்பது இதுதான். முதல்வர் காப்பீட்டில் இந்த வசதி இல்லை.

2. தனியார் பாலிசி

ஏற்கெனவே பாலிசி இருந்தால் மூன்று விஷயங்களைப் படியுங்கள்: அறை வாடகை வரம்பு, நம் பங்கு எத்தனை சதவீதம், இம்யூனோதெரபி போன்ற நவீன சிகிச்சைகளுக்குத் தனி வரம்பு உண்டா. வரம்பை மீறிய அறையில் படுத்தால், பல பாலிசிகளில் மொத்த பில்லிலும் அதே விகிதத்தில் வெட்டு விழும். நோய் தெரிந்த பிறகு புதிதாக பாலிசி எடுத்து இந்தச் செலவைச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். இருக்கும் நோய்க்கான காத்திருப்புக் காலம் மூன்று ஆண்டு வரை போகலாம்.

3. மருத்துவமனையைத் தேர்வதே ஓர் உதவி

1954-ல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை லாப நோக்கமற்றது. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் அரசின் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. சென்னை, மதுரை அரசு மருத்துவமனைகளிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் புற்றுநோய்ப் பிரிவுகள் உண்டு. கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். ஆனால் தனியாரில் இரண்டு சுற்று கீமோ முடித்து, பணம் தீர்ந்தபின் இங்கே வந்து நிற்பதைவிட முதல் நாளே வருவது நோயாளிக்கும் நல்லது.

4. நிவாரண நிதிகள்

காப்பீடு போதாதபோது பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கலாம். மருத்துவமனை தரும் செலவு மதிப்பீட்டுக் கடிதமும் வருமானச் சான்றும் வேண்டும். முழுத்தொகையை எதிர்பார்க்க வேண்டாம், ஒரு பகுதிதான் கிடைக்கும். அதுவும் நேராக மருத்துவமனைக்குப் போகும். வறுமைக்கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு மத்திய சுகாதார அமைச்சரின் புற்றுநோயாளர் நிதி, அடையாறு போன்ற மண்டலப் புற்றுநோய் மையங்கள் வழியாகக் கிடைக்கிறது.

குணமாகும் வாய்ப்புள்ள புற்றுநோய் என்றால் இந்தியப் புற்றுநோய்ச் சங்கத்தின் உதவி நிதியைப் பற்றி மருத்துவமனையிலேயே விசாரியுங்கள். நோயாளி குழந்தை என்றால், சென்னையிலும் வேலூரிலும் செயின்ட் ஜூட் மையங்களில் பெற்றோருடன் இலவசமாகத் தங்கலாம்.

5. மருந்துக் கடையில்

2013 ஏப்ரலில் கிளீவெக் மாத்திரையின் காப்புரிமைக் கோரிக்கையை உச்ச நீதிமன்றம் நிராகரித்தது. மாதம் ஒரு லட்சத்துக்கு மேல் விற்ற அந்த ரத்தப் புற்றுநோய் மருந்து, இமாட்டினிப் என்ற பொதுப்பெயரில் பத்தாயிரத்துக்குள் கிடைத்தது. ஆகவே மருந்துச் சீட்டில் கம்பெனிப் பெயர் மட்டும் இருந்தால், "டாக்டர், இதுல ஜெனரிக் இருக்கா?" என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம். மக்கள் மருந்தகம், மத்திய அரசின் அம்ரித் மருந்தகம் இரண்டிலும் விலை விசாரியுங்கள். டாக்டரைக் கேட்காமல் மட்டும் மாற்றாதீர்கள். காப்புரிமையில் உள்ள மருந்து என்றால், அந்த நிறுவனத்துக்கு நோயாளி உதவித் திட்டம் இருக்கிறதா என்றும் அவரிடமே கேட்கலாம்.

6. ரயிலும் பி.எஃப்.பும்

சிகிச்சைக்குப் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் வகுப்பு ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். மருத்துவமனை கையெழுத்திட்ட சான்றுப் படிவம் வேண்டும். பி.எஃப். கணக்கில் நோய்க்காக எடுக்கும் முன்பணத்தைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. வட்டிக் கடன் வாங்கும் முன் இதைப் பாருங்கள்.

7. இணையத்தில் நிதி திரட்டுவது

வேகமாகப் பணம் வரலாம், வராமலும் போகலாம். தளத்தின் கட்டணம் எவ்வளவு, பணம் யார் கணக்குக்குப் போகும் என்று முதலில் கேளுங்கள். நோயாளியின் படமும் அறிக்கையும் ஊரெல்லாம் சுற்றும். அதற்கு அவர் சம்மதம் வேண்டும்.

என் தீர்ப்பு இது: முதலில் காப்பீடு அல்லது இ.எஸ்.ஐ., அதை ஏற்கும் மருத்துவமனை, பிறகு நிவாரண நிதி, அதன்பின் சொந்தச் சேமிப்பு, கடைசியில்தான் நகையும் கடனும். பயாப்சி அறிக்கை, ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று, வங்கிப் புத்தகம் எல்லாவற்றிலும் ஐந்தைந்து நகல் எடுத்து ஒரு பைலில் வையுங்கள். பெரிய மருத்துவமனைகளில் சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். பணம் கட்டும் கவுன்ட்டருக்குப் போகும் முன் அந்த பைலோடு அவரைப் பாருங்கள்.