படுகையும் பங்கும்

அன்பு மருமகளுக்கு,

வரும் ஞாயிற்றுக்கிழமை வாலிபர் ஐக்கியத்தில் படைப்பைப் பற்றி நீ பேசப் போவதாக அம்மா சொன்னாள். மகிழ்ச்சி. நீ கேட்டனுப்பிய கேள்வி அதைவிட மகிழ்ச்சி தந்தது. எரேமியா 49ஆம் அதிகாரத்தில் யோர்தானிலிருந்து சிங்கம் ஏறி வருகிறதே, சிங்கத்துக்கு ஆற்றில் என்ன வேலை என்று கேட்டிருந்தாய். வேதத்தில் ஒரு விலங்கைப் பார்த்தால், அது எந்த மண்ணில், எந்தப் பருவத்தில் நிற்கிறது என்று கேட்கப் பழகு. பாதி அர்த்தம் அங்கேயே திறந்துவிடும்.

யோர்தான் எர்மோன் மலையின் பனிநீரில் பிறந்து, கலிலேயாக் கடலைக் கடந்து, சவக்கடலில் போய்ச் சேரும் ஆறு. கலிலேயாவுக்குத் தெற்கே அதன் பள்ளத்தாக்குக்கு இரண்டு தட்டுகள் உண்டு. மேல்தட்டு அகன்ற, வறண்ட சமவெளி. எரிகோ போன்ற ஊர்கள் அங்கே. அதற்குக் கீழே, செங்குத்தாக இறங்கினால், ஆறு வளைந்து வளைந்து ஓடும் ஒடுங்கிய படுகை. நாணலும், சவுக்கு போன்ற இலையுடைய தமரிஸ்க் மரங்களும், அலரிச் செடிகளும் பின்னிக் கிடந்த புதர்க்காடு அது. சுற்றிலும் காய்ந்த மலை. நடுவே ஒரு பச்சை நாடா. தண்ணீரும் நிழலும் இரையும் அங்கேதான். ஆகவே சிங்கமும் காட்டுப்பன்றியும் அங்கேயே குடியிருந்தன.

வசந்தத்தில் எர்மோனின் பனி உருகும். அறுப்புக் காலம் முழுதும் யோர்தான் கரைபுரண்டு ஓடும் என்று யோசுவா 3ஆம் அதிகாரம் சொல்கிறது. அப்போது படுகை மூழ்கும். புதரில் படுத்திருந்த சிங்கம் மேல்தட்டுக்கு ஏறும். மேல்தட்டில்தான் ஆடுகள், தொழுவங்கள், மனிதர்கள். எரேமியாவின் சொல்லைக் கேட்டவர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. வெள்ளம் வந்தால் கூடவே என்ன ஏறி வரும் என்று அவர்கள் கண்டிருந்தார்கள்.

இதை நீயும் கண்டிருக்கிறாய். 2023 டிசம்பர் முதல் வாரம், மிக்ஜாம் புயல் மழையில், பெருங்களத்தூர் நெடுங்குன்றம் பக்கத்தில் இரவில் ஒரு முதலை தார்ச்சாலையைக் கடந்து போன காணொளி உங்கள் எல்லார் கைப்பேசியிலும் சுற்றியது. சென்னையின் சில நீர்நிலைகளில் முதலைகள் உண்டு, அவை கூச்ச சுபாவம் உள்ளவை, மனிதரை விட்டு ஒதுங்கியே வாழ்பவை, நீர் நிரம்பி வழிந்ததால் இது வெளியே வந்திருக்கிறது என்று அப்போது வனத்துறைச் செயலராக இருந்த சுப்ரியா சாகு விளக்கினார். ஊருக்குள் முதலை புகுந்துவிட்டது என்றுதான் பலரும் பேசினார்கள். எரேமியாவின் சிங்கத்தைத் தெரிந்தவர் வேறு மாதிரி பேசியிருப்பார்: அதன் வீடு மூழ்கியிருக்கிறது.

அந்த முதலையின் வாழ்க்கையைக் கொஞ்சம் பார். சதுப்புநில முதலை ஏரிக்கரையிலும் ஆற்றங்கரையிலும் மண்ணைக் குடைந்து வளை செய்துகொள்ளும். வெயிலும் வறட்சியும் மிஞ்சினால் அதற்குள் ஒதுங்கும். கோடையை ஒட்டி, கரைமண்ணில் குழி பறித்து இருபது முப்பது முட்டை இடும். மண்ணின் சூடுதான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும். ஆக, அதற்குக் கரைதான் தொட்டில், கரைதான் குளிர்ச்சி. கரையைக் கான்கிரீட் சுவராக்கிவிட்டால், தண்ணீர் ததும்ப நின்றாலும் முதலைக்கு அந்த ஏரி இல்லை. இதை நேரில் தெரிந்துகொள்ள ஒரு விடுமுறை நாளில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணைக்குப் போய் வா. ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கியது.

போகும் முன் யோபு 41ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டுப் போ. அங்கே வரும் லிவியாதானை முதலையின் சாயலில் வரைந்ததாகப் பல அறிஞர்கள் கருதுகிறார்கள். நெருப்பும் புகையும் கக்குவது கவிஞரின் கற்பனை வீச்சு. ஆனால் அதே அதிகாரத்தில் காற்றும் நுழையாதபடி நெருங்கி ஒட்டிய செதில் வரிசை இருக்கிறது. உடைந்த ஓட்டுச் சில்லுகளைப்போன்ற அடிவயிறு, சேற்றின்மேல் போரடிக்கும் கருவி இழுத்த தடம்போலக் கோடு விட்டுப் போவதும் இருக்கிறது. முதலை நீருக்குள் சறுக்கிய கரையைப் பார்த்தவருக்கு அந்தத் தடம் தெரியும். எழுதியவர் பயந்து ஓடிவிடாமல் நின்று கவனித்திருக்கிறார். இஸ்ரவேலில் செசரியாவுக்கு அருகே, இன்றும் முதலையின் பேரால் அழைக்கப்படும் ஆற்றில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை முதலைகள் இருந்தன.

யோபுவிடம் கடவுள் காட்டும் விலங்குகளில் பெரும்பாலானவை மனிதனுக்கு ஒரு காசுக்கும் உதவாதவை. ஓட்டுகிறவனின் கூக்குரலை மதிக்காத காட்டுக்கழுதை, நாணல் மறைவில் சேற்றில் படுத்திருக்கும் பிகெமோத் என்ற பெருவிலங்கு, கயிற்றில் கட்ட முடியாத லிவியாதான். துன்பத்தில் இருக்கிற ஒரு மனிதனுக்குக் கிடைத்த பதிலே இந்தச் சேறும் நாணலும்தான். உனக்குப் பயன்படாத உயிரும் என் மகிழ்ச்சிக்கு உரியது என்பதை அந்தப் பதிலில் நான் கேட்கிறேன். சங்கீதம் 104இல் அது இன்னும் அமைதியாக வருகிறது. இரவு சிங்கக் குட்டிகளின் வேளை. பொழுது விடிந்தால் அவை குகைக்குத் திரும்ப, மனிதன் வேலைக்குப் புறப்படுகிறான். ஒரே நிலம், இரண்டு நேரங்கள்.

இழப்பையும் வேதம் மறைக்கவில்லை. சகரியா 11ஆம் அதிகாரத்தில் யோர்தானின் அடர்ந்த புதர் அழிந்துபோனதால் சிங்கங்கள் கெர்ச்சிக்கின்றன. தீர்க்கதரிசி அரசர்களின் வீழ்ச்சியைத்தான் பேசுகிறார். ஆனால் புதர் போனால் சிங்கத்துக்குப் போக்கிடம் இல்லை என்ற உண்மைமேல்தான் அந்த உவமை நிற்கிறது. அந்த நாட்டில் சிங்கம் நடுக்காலத்திலேயே அற்றுப்போயிற்று. அதன் ஆசிய உறவு காட்டில் எஞ்சியிருப்பது நம் குஜராத்தின் கிர் பகுதியில் மட்டுமே. யோர்தானின் நீரையும் பெரும்பாலும் திருப்பிக்கொண்டுவிட்டார்கள். கலிலேயாவுக்குக் கீழே ஓடுவது பழைய ஆற்றின் சிறு மிச்சம்.

இனி அடையாற்றுக்கு வா. ஆதனூர்ப் பக்கம் உருவாகி, வரதராஜபுரம், முடிச்சூர் வழியாக வந்து, திருநீர்மலை அருகே செம்பரம்பாக்கம் உபரிநீரையும் சேர்த்துக்கொண்டு கடலுக்குப் போகிறது. 2015 டிசம்பர் 1 காலை தொடங்கி ஒரே நாளில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீருக்குள் நின்றன. நீ சிறு பிள்ளை. மொட்டை மாடியில் அம்மா மடியில் இருந்தாய். வெள்ளம் எங்கே வந்தது? ஆறு எப்போதோ படுத்துப் புரண்ட இடத்துக்கு வந்தது. நாம் படுகையில் மனை போட்டு, கால்வாயைக் குறுக்கி, ஏரியின் கலங்கலை அடைத்தோம். விலங்குக்கு உரிய கரையைப் பிடுங்கிக்கொண்டவர்களுக்கே கரை இல்லாமல் போயிற்று.

உன் பேச்சின் நடுவில் வைக்க ஒரு வசனம் தருகிறேன். யாத்திராகமம் 23:11. ஏழாம் ஆண்டு நிலத்தைச் சும்மா விடவேண்டும். ஏழைகள் உண்ணட்டும், மீந்ததைக் காட்டு விலங்குகள் உண்ணட்டும் என்பது சட்டம். யூத ஆசிரியர்கள் இதைப் பேச்சோடு விடவில்லை. ஏழாம் ஆண்டு விளைச்சலை வீட்டில் எடுத்து வைக்கலாம். ஆனால் அதே வகைப் பயிர் வயலில் காட்டு விலங்குக்குக் கிடைக்கும்வரைதான். வயலில் அது தீர்ந்ததும் வீட்டுக் களஞ்சியத்திலிருந்தும் வெளியே எடுத்துவிட வேண்டும். நரிக்கு இல்லாதபோது உன் பானையிலும் இருக்கக் கூடாது! விளைச்சல் பொய்த்தால் பட்டினி என்று வாழ்ந்த மக்கள் ஏற்றுக்கொண்ட ஒழுங்கு இது. கிறிஸ்தவர்களான நாம் இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். யோர்தானில் ஞானஸ்நானம் பெற்ற இயேசு வனாந்தரத்தில் காட்டு விலங்குகளோடு இருந்தார் என்று மாற்கு மட்டும் எழுதுகிறார். அவற்றை விரட்டினார் என்று எழுதவில்லை.

பேசி முடித்தபின் பிள்ளைகளுக்குச் செய்ய ஏதாவது வேண்டும் அல்லவா? ஏரிக்கரையில் கோழி, மீன் கழிவு கொட்டவேண்டாம் என்று சொல். அது தெருநாயை இழுக்கும், முதலையையும் இழுக்கும். முதலையைக் கண்டால் கூட்டம் கூட்டாமல், கல் எறியாமல், விலகி நின்று வனத்துறைக்குத் தகவல் சொல்லச் சொல். உங்கள் பகுதி ஏரிக்கு ‘அழகுபடுத்தும்’ திட்டம் வந்தால், சுற்றிலும் நடைபாதைதானா, ஒரு பக்கமாவது மண்கரையும் கோரையும் மிஞ்சுமா என்று கேட்கச் சொல். அந்தக் கேள்வியைச் சபையே எழுத்தில் கேட்கட்டும், முதல் கையெழுத்து உன்னுடையதாக இருக்கட்டும். காட்டு விலங்குக்கு வயலில் பங்கு வைத்த வேதத்தைக் கையில் வைத்திருக்கிறவர்கள், ஏரியில் ஒரு கரையைக் கேட்பது பெரிய காரியம் இல்லை.

அன்புடன்,
உன் மாமா