ஒரு விஞ்ஞானிக்குக் கைகொடுத்தவர்கள்

விஞ்ஞானி என்றதும் எடிசன், ஐன்ஸ்டீன் என்று வெள்ளைக்காரர் பெயர்களே நம்மவர் பலருக்கு நினைவுக்கு வருகின்றன. ரிங்லெட் அணையைக் கடந்து போகும்போதும், அதெல்லாம் வேறு யாரோ செய்யும் வேலை என்றே எண்ணுகிறோம். மர்ஹூம் டாக்டர் ஏ. பி. ஜே. அப்துல் கலாம் அவர்களின் படத்தைப் பல வீடுகளில் மாட்டியிருக்கிறோம். அவர் எப்படிப் படித்தார் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னவர்கள் குறைவு.

ஆறாம் வகுப்போடு கடைக்கு வந்துவிட்ட எனக்கு ராக்கெட்டின் கணக்கை விளக்கும் தகுதி இல்லை. ஆனால் ஒரு பிள்ளையைப் படிக்கவைக்க என்ன செலவாயிற்று, அதை யார் கொடுத்தார்கள் என்ற கணக்கு எனக்குப் புரியும். அதையே எழுதுகிறேன்.

1931 அக்டோபர் 15 இல் ராமேஸ்வரத்தில் பிறந்தார். தகப்பனார் ஜைனுலாப்தீன் படகு வைத்துப் பிழைத்தவர். வீடு மசூதித் தெருவில். 1939 இல் உலக யுத்தம் மூண்டபோது புளியங்கொட்டைக்குத் திடீரென்று கிராக்கி ஏற்பட்டது. சிறுவர் கலாம் அதைப் பொறுக்கி, தெருவிலிருந்த மளிகைக் கடையில் போட்டு ஓர் அணா வாங்குவார். (கடைக்காரனாகிய எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.) யுத்தத்தினால் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்பதும் நின்றுபோனது. பத்திரிகைக் கட்டுகளை ஓடும் ரயிலிலிருந்து வெளியே எறிவார்கள். பத்திரிகை விநியோகம் செய்துவந்த உறவினர் சம்சுத்தீன், கட்டுகளைப் பொறுக்க இவரைச் சேர்த்துக்கொண்டார். கலாம் அவர்களின் முதல் சம்பாத்தியம் அதுவே.

மச்சான் ஜலாலுத்தீன் ஓரளவே படித்தவர்; எனினும் ஆங்கிலம் எழுதத் தெரிந்தவராகையால் ஊராருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பார். புத்தகங்களைப் பற்றியும் புதிய கண்டுபிடிப்புகளைப் பற்றியும் கலாமுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான்.

ராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் பள்ளியிலும், பின்னர் திருச்சி செயிண்ட் ஜோசப் கல்லூரியிலும் படித்து 1954 இல் பட்டம் பெற்றார். பிறகு சென்னை எம்.ஐ.டி.யில் விமானப் பொறியியல் படிக்க இடம் கிடைத்தது. சேருவதற்கு ஏறக்குறைய ஆயிரம் ரூபாய் வேண்டும். அன்று அது எவ்வளவு பெரிய தொகை என்றால், 1958 இல் அரசாங்க உத்தியோகத்தில் சேர்ந்தபோது அவருடைய மாத அடிப்படைச் சம்பளமே 250 ரூபாய்தான். தகப்பனாரிடம் பணம் இல்லை. ஜலாலுத்தீனின் மனைவியான மூத்த சகோதரி ஜொஹரா, தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார்.

இந்த இடத்தில் சற்று நிற்கிறேன். நம் மலையிலும் படிவம் ஐந்து முடித்த பிள்ளைக்கு மேற்படிப்புக்கு இடம் கிடைத்துக் கடிதம் வருகிறது. கல்விக் கடன் கைக்கு வருமுன்னே பஸ் செலவு, தங்கும் செலவு என்று ரொக்கம் வேண்டியிருக்கிறது. தேயிலைத் தோட்டத்தில் உழைக்கும் தகப்பனார் கடைக்கு வந்து, “பாய், பையனை ஒரு வருஷம் உங்களிடம் வைத்துக்கொள்ளுங்கள்” என்கிறார். அந்த ஒரு வருஷம் பெரும்பாலும் முடிவதேயில்லை. அரிசிக்கும் பாலுக்கும் என் 555 நோட்டில் கடன் எழுதுகிறேன். வலீமா விருந்துக்கும் நம்மிடையே கடன் கிடைக்கிறது. படிக்கப் போகிற பிள்ளையின் முதல் மாதச் செலவுக்கு மட்டும் நம் சங்கத்தில் ஒரு நோட்டுப் போடவில்லை. வளையல் கழற்றிக் கொடுக்க ஒவ்வொரு வீட்டிலும் ஒரு ஜொஹரா இருப்பாரா?

எம்.ஐ.டி.யில் போர் விமானம் ஒன்றுக்கு வரைபடம் தயாரிக்கும் வேலையில் கலாம் பின்தங்கிவிட்டார். மூன்று நாளில் முடிக்காவிட்டால் உபகாரச் சம்பளம் நிறுத்தப்படும் என்றார் பேராசிரியர் சீனிவாசன். இரவுச் சாப்பாட்டையும் விட்டு வேலை செய்து முடித்தார். சகோதரியின் நகை அடகில் இருக்கும்போது வேறு என்ன செய்வார்!

இனி ராக்கெட். எஸ்.எல்.வி. 3 என்பது நான்கு அடுக்குகள் உடையது. 22 மீட்டர் உயரம், 17 டன் எடை. அடுக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து கழன்றுவிழ, கடைசி அடுக்கு ஒரு சிறு துணைக்கோளைப் பூமியைச் சுற்றிவரும்படி தள்ளவேண்டும். இத்திட்டத்தின் இயக்குநர் கலாம். 1979 ஆகஸ்ட் 10 இல் ஸ்ரீஹரிகோட்டாவில் ஏவுமுன் கணினி நிறுத்தச் சொன்னது. உடனிருந்த வல்லுநர்கள் போகலாம் என்றனர். அவர் ஏவச் செய்தார். முதல் அடுக்கு செவ்வனே எரிந்தது. இரண்டாம் அடுக்கில், திசையைக் கட்டுப்படுத்துவதற்கான அமிலம் கசிந்துபோயிருந்தது. ராக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. பல வருட உழைப்பு சில நிமிஷத்தில் போயிற்று.

பத்திரிகைக்காரர்கள் காத்திருந்தனர். இஸ்ரோவின் தலைவர் சதீஷ் தவான், கலாமை முன்னே தள்ளாமல் தாமே போய் நின்று, தோல்விக்குத் தாம் பொறுப்பு என்று சொன்னார். 1980 ஜூலை 18 இல் இரண்டாம் முறை ஏவி, 35 கிலோ எடையுள்ள ரோகிணி துணைக்கோள் வானில் சுற்றத் தொடங்கியபோதோ, பத்திரிகைக்காரர்களிடம் கலாமையே பேசச் சொல்லி அனுப்பினார். பின்னாளில் தாம் பேசிய கூட்டங்களில் கலாம் அவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார்கள்.

2002 இல் இந்திய ஜனாதிபதியாகி 2007 வரை அப்பதவியில் இருந்தார்கள். 2015 ஜூலை 27 இல் ஷில்லாங்கில் மாணவர்களுக்குச் சொற்பொழிவாற்றிக் கொண்டிருக்கும்போதே மயங்கிச் சாய்ந்து மறைந்தார்கள். மூன்றாம் நாள் ராமேஸ்வரத்தை அடுத்த பேய்க்கரும்பில் நல்லடக்கம் செய்யப்பட்டது.