சம்பளத்தை முடக்குவோம் என்று நோட்டீஸ் வந்தால்

“48 மணி நேரத்துக்குள் பணம் கட்டாவிட்டால் கைது வாரண்ட் வரும். சம்பளம் முடக்கப்படும். வேலை செய்யும் இடத்துக்குத் தெரிவிக்கப்படும்.” மேலே தராசுப் படம், கீழே வக்கீல் கையெழுத்து, ஓரத்தில் சிவப்பு முத்திரை. ஜீயபுரத்தில் பஸ் ஏறித் திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி ஜவுளிக்கடைக்கோ திருவெறும்பூர்ப் பட்டறைக்கோ போகிறவரின் வாட்ஸ்அப்பில் இப்படி ஒன்று வந்தால் அன்றைக்கு வேலை ஓடாது. பயமுறுத்துவதற்கென்றே எழுதப்பட்ட வரிகள் அவை.

கடிதத்தில் தொகையைப் பார்க்கும் முன் அனுப்பியது யார் என்று பாருங்கள். வசூல் ஏஜென்சியா, வக்கீலா, லோக் அதாலத்தா, நீதிமன்றமா? ஏஜென்சிக்குக் கேட்கும் உரிமை மட்டும்தான். கடனைக் கட்ட முடியாமல் போவது சிவில் விவகாரம். போலி ஆவணம் கொடுத்து வாங்கியிருந்தால்தான் கதை வேறு. வக்கீல் நோட்டீஸும் ஒரு கட்சிக்காரர் சார்பில் வரும் கடிதம்தான், உத்தரவு அல்ல. நீதிமன்றத்திலிருந்து என்று சொல்லிக்கொண்டு வரும் காகிதத்தில் வழக்கு எண் இருக்க வேண்டும். வழக்குக்குத் தரப்படும் 16 இலக்க சிஎன்ஆர் எண்ணை இ-கோர்ட்ஸ் செயலியில் போட்டால் அப்படி ஒரு வழக்கு இருக்கிறதா என்பது தெரிந்துவிடும்.

இனி சம்பளம். வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, நிறைவேற்று மனுப் போட்ட பிறகே நீதிமன்றம் வழியாகச் சம்பளத்தில் கை வைக்க முடியும். அப்போதும் முழுச் சம்பளத்தையும் தொட முடியாது. சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு முதல் 1,000 ரூபாயையும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் காப்பாற்றுகிறது. சம்பளம் 19,000 என்றால் அதிகபட்சம் 6,000தான் போகும். ஜீவனாம்சத் தீர்ப்புக்குக் கணக்கு வேறு. ஊழியர் கூட்டுறவுச் சங்கக் கடனும் இதில் சேராது, அங்கே பிடித்தத்துக்கு நீங்களே எழுதிக் கொடுத்திருப்பீர்கள். கூட வேலை பார்ப்பவருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களும் கவனிக்க வேண்டும்: கடன் வாங்கியவருக்கு உள்ள பொறுப்பு அப்படியே உங்களுக்கும் உண்டு. டீ குடிக்கும் நேரத்தில் போட்ட கையெழுத்து என்று சொல்லித் தப்ப முடியாது.

எல்லா நோட்டீஸையும் வெற்று மிரட்டல் என்று தூக்கிப் போடுவதும் ஆபத்து. செக் திரும்பியதற்கு மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவில் நோட்டீஸ் வந்தால், கையில் கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் கட்ட வேண்டும். தவறினால் அது குற்ற வழக்கு, இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு. வங்கிக் கணக்கில் தானாகப் பிடிக்கும் தவணை பணமில்லாமல் திரும்பினாலும் ஏறக்குறைய இதே நிலைதான். வீட்டை அடமானம் வைத்த கடனுக்கு வரும் சர்ஃபாசி நோட்டீஸில் 60 நாள் அவகாசம். சிவில் வழக்கில் சம்மன் வந்தால் 30 நாளுக்குள் பதிலுரை. இவற்றை வக்கீலிடம் காட்டுவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

லோக் அதாலத் அழைப்பைப் பார்த்துப் பலர் நடுங்குகிறார்கள், அதற்குத் தேவையில்லை. வழக்குக்கு முன்பே சமரசம் பேசும் இடம் அது. இரு தரப்பும் ஒப்பாமல் அங்கே எதுவும் முடிவாகாது. ஆனால் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், அப்பீல் கிடையாது. கட்ட முடிகிற தவணைக்கு மட்டும் தலையாட்டுங்கள்.

வேலை செய்யும் இடத்துக்குப் போன் வருவதுதான் பலருக்குப் பெரிய வலி. வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வைத்திருக்கும் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்பும் இரவு 7க்குப் பின்பும் கூப்பிடக் கூடாது. உறவினர், நண்பர்களைத் தொந்தரவு செய்யவோ ஊரறிய அவமானப்படுத்தவோ கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. வாழைத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் வாங்கும் குழுக் கடனுக்கு நேரம் இன்னும் குறைவு, காலை 9 முதல் மாலை 6 வரை. பேசி வைத்த இடத்துக்குக் கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறை வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ ஆள் வரலாம். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு அரசு 2025இல் தனிச் சட்டமே கொண்டுவந்தது. மிரட்டல் அத்துமீறினால் காவல் நிலையத்தில் எழுத்தில் புகார் கொடுத்து, மனு ஏற்பு ரசீதைக் கேட்டு வாங்குங்கள்.

முதலாளியிடமோ மேலாளரிடமோ நீங்களே முந்திக்கொள்ளுங்கள். “சார், ஒரு கடன் விஷயமா இங்க போன் வரலாம். என் நம்பரைக் கொடுத்துடுங்க, நான் பேசிக்கிறேன்.” இவ்வளவு போதும். வசூல் ஆள் சொல்லித் தெரிந்தால்தான் பேர் கெடும்.

பதிலை வசூல் ஆளுக்கு எழுதாதீர்கள், வங்கியின் குறைதீர் அதிகாரிக்கு மின்னஞ்சலில் எழுதுங்கள். கடன் எண், கணக்கு விவரம், ஏஜென்சிக்குக் கொடுத்த அங்கீகாரக் கடிதம் ஆகியவற்றைக் கேளுங்கள். மிரட்டிய தேதி, நேரம், எண் ஆகியவற்றைக் குறிப்பிடுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், வந்தும் சரியில்லாவிட்டால், ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம், விவரத்துக்கு 14448. பணத்தைக் கடன் கணக்கில் மட்டும் கட்டுங்கள், ஏஜென்டின் ஜிபேயில் ஒரு ரூபாய்கூட வேண்டாம். பல ஆண்டுப் பழைய கடன் என்றால், எதையும் எழுத்தில் ஒப்புக்கொள்ளும் முன் வக்கீலைக் கேளுங்கள்: மூன்று ஆண்டுக் காலவரம்பு முடிவதற்குள் கையெழுத்திட்டு ஒப்புக்கொண்டால் கெடு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும்.

குறைத்துக் கட்டி முடிக்கிறோம் என்றால் வங்கி அதற்கு ஒப்புக்கொள்ளும் கடிதத்தை முதலில் கையில் வாங்குங்கள். சிபில் அறிக்கையில் ‘செட்டில்டு’ என்று விழுவது ‘குளோஸ்டு’ ஆகாது. வங்கி வேலைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இது முக்கியம். கடன் தவறிய பதிவு இருந்ததால் ஸ்டேட் வங்கி ஒருவரின் பணி நியமனத்தை ரத்து செய்ததை 2025இல் சென்னை உயர் நீதிமன்றம் சரியென்றது.

இங்கிலாந்துக்குப் போன பிள்ளைகளுக்கு இதே மிரட்டல் தனியார் கார் நிறுத்தக் கட்டணத்துக்காக வரும். அங்கேயும் வசூல் நிறுவனத்தின் கடிதம் வெறும் கடிதம்தான். ஜப்திக்கு நீதிமன்றம் போக வேண்டும். ஆனால் கவுண்டி கோர்ட்டின் படிவம் வந்தால் 14 நாளுக்குள் பதில் போட்டாக வேண்டும். கட்டணமே செல்லாது என்று நினைத்துவிடவும் வேண்டாம்: 85 பவுண்ட் கேட்டது சரியே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லை என்றால் திருச்சி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும், தொழிற்சாலைத் தொழிலாளிகளுக்கும் வருமானம் பார்க்காமல் அங்கே இலவச வக்கீல் உண்டு. சட்ட உதவித் தொலைபேசி எண் 15100.