சாயத்துக்கு முன் தோலைப் பாருங்கள்

தோலில் பர்ஸ், பெல்ட் செய்யப் பழகுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தச் சாயம் நல்லது?" என்றுதான். "என்ன தோல் வைத்திருக்கிறீர்கள்?" என்று நான் திருப்பிக் கேட்பேன். நிறம் பிடிக்குமா பிடிக்காதா என்பது பெரும்பாலும் பதனிடும் தொட்டியிலேயே முடிவாகிவிடுகிறது.

வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். நடுவில் நீலச் சாம்பல் தெரிந்தால் அது குரோம் தோல். கையால் பூசும் சாயம் அதில் சீராக இறங்காது; நிறமேற்றி விற்பதையே வாங்கிக்கொள்வது நல்லது. ஓரம் முழுக்க இளம்பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைச் சாற்றில் பதனிட்டது. புவிசார் குறியீடு பெற்ற நம் ஈ.ஐ. (கிழக்கிந்திய) தோல் இந்த வகைதான். ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெளிச்சம் பட்டால் சிவந்துபோகும். அதைத் தடுக்கவே கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் போட்டு எடுப்பார்கள். இப்போது ஆவாரையின் இடத்தை வாட்டில் பட்டைச் சாறு பிடித்துக்கொண்டது.

பட்டைத் தோல் கையில் இருந்தால், கறுப்புக்குச் சாயமே வேண்டாம் என்பது என் கட்சி. இரும்பும் வினிகரும் போதும். பாத்திரம் தேய்க்கும் எவர்சில்வர் நார் இதற்கு உதவாது. மரத்துக்குப் பாலிஷ் போடுகிறவர்கள் வாங்கும், துருப்பிடிக்கக்கூடிய ஸ்டீல் வுல் வேண்டும். சோப்புப் போட்டு எண்ணெய் போகக் கழுவி, வெள்ளை வினிகரில் மூழ்கவிடுங்கள். உள்ளே ஹைட்ரஜன் உண்டாகும் என்பதால் மூடியை இறுக்கக் கூடாது. அடுப்புப் பக்கமும் வைக்கக் கூடாது. ஓரிரு வாரத்தில் இரும்பு கரைந்ததும் துணியில் வடிகட்டினால் கரைசல் தயார். தோலில் தடவிய சில நொடிகளில் சாம்பல் படர்ந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே கறுக்கும். இது மேலே ஒட்டிய நிறமல்ல. பட்டைச் சாற்றிலிருந்து தோலுக்குள் ஏறிய டானின் என்ற துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து நாரிலேயே உண்டாக்கும் கறுப்பு. கலம்காரிக்காரர்கள் கடுக்காயில் ஊறிய துணிமேல் துருவும் வெல்லமும் புளித்த நீரால் கறுப்புக் கோடு இழுப்பதும் இதே வேதியியல்தான். நிறம் வெளிறி நின்றால், தோலில் டானின் போதவில்லை என்று பொருள். கடுக்காய்த் தண்ணீரோ கெட்டியான கட்டன் தேநீரோ தடவிவிட்டு, மறுபடி கரைசலைப் பூசுங்கள்.

அடுத்த வேலையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். சமையல் சோடா கரைத்த நீரால் துடைத்துப் புளிப்பை முறிக்க வேண்டும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, ஈரம் முழுக்கக் காயுமுன் எண்ணெய் கொடுக்க வேண்டும். புளிப்பு உள்ளேயே தங்கினால் நாளடைவில் தோல் வறண்டு வெடிக்கும்.

ஈரத் தோலில் இரும்பு கிளிப் போட்டால் கரும்புள்ளி விழுவதும் டானினும் இரும்பும் சேர்வதால்தான். எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் புள்ளி மங்கும். ஈரத்தில் வேலை செய்யும்போது பித்தளைச் சாமான்களே பாதுகாப்பு.

மற்ற நிறங்களுக்கு ஸ்பிரிட் சாயத்தைத்தான் எடுக்கிறேன். அதைக் கெட்டியாக ஒரே பூச்சில் முடிக்கப் பார்த்தால் கோடு விழும். ஸ்பிரிட் ஊற்றி நீர்க்கச் செய்து, கம்பளித் துண்டால் வட்டவட்டமாகப் பல மெல்லிய பூச்சுகள் கொடுங்கள். கையுறையும் காற்றோட்டமும் அவசியம். வயிற்றுப் பக்கத் தோல் முதுகைவிட அதிகம் குடிக்கும். ஆகவே சோதனைத் துண்டை அதே தோலின் அதே பகுதியிலிருந்து வெட்டுங்கள். ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பாமல், காய்ந்து எண்ணெய் ஏறிய பிறகு முடிவெடுங்கள். தையலுக்கு முன்பே சாயம் போட்டுவிட்டால் நூல் வெள்ளையாகவே இருக்கும்.

ஒரு நாள் காயவிட்டு, உலர்ந்த பருத்தித் துணியால் தேய்த்து உதிரிச் சாயத்தை எடுங்கள். துணியில் நிறம் வருவது நிற்கும்வரை தேய்க்க வேண்டும். அதன்பின்தான் மெழுகு. மெழுகு போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று இந்தத் தேய்ப்பைத் தள்ளிவிடாதீர்கள். பெல்ட்டின் உள்பக்கம் வியர்வையோடு வெள்ளைச் சட்டையில் உரசுகிற ஊர் இது. யாருக்கும் கொடுக்குமுன் நனைத்த வெள்ளைத் துணியை உள்பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள்; நிறம் ஒட்டினால் அந்தப் பெல்ட்டை விற்காதீர்கள்.