கல்லான மரத்தின் குலம்

நுழையும்முன்

இலையையும் பூவையும் காயையும் கண்டு ஒரு மரத்தின் குடும்பத்தை அறிகிறோம். இவற்றுள் ஒன்றும் எஞ்சாமல், கல்லாக மாறிக் கிடக்கும் அடிமரத்தின் குடும்பத்தை எவ்வாறு அறிவது? அறிவியலார் இவ்வினாவிற்கு விடைதேடிய வழியையும், அத்தேடலில் சைப்ரஸ் குடும்ப மரங்கள் பெறும் இடத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மண்ணுக்குள் ஒரு காடு

விருத்தாசலத்தின் பழம்பெயர் முதுகுன்றம். பெயரிலேயே தொன்மையைத் தாங்கிய இவ்வூர், இன்று பீங்கான் தொழிலுக்குப் பெயர்பெற்றது. இங்குள்ள சூளைகளில் களிமண் அகலாகவும் பொம்மையாகவும் உருப்பெறுகிறது. அருகிலுள்ள நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிக்கு மேலுள்ள மண்ணடுக்குகளிலும் களிமண் கிடைக்கிறது. அந்நிலக்கரியோ, பன்னெடுங்காலத்திற்கு முன் மண்ணில் புதையுண்ட தாவரங்களின் எச்சமாகும். நாம் நடமாடும் நிலத்தின் கீழே ஒரு பழங்காட்டின் வரலாறு புதைந்துள்ளது.

இவ்வட்டாரத்துப் பாறைப் படிவுகளுள் ஒன்றைக் ‘கடலூர் மணற்கல்’ என்று நிலவியலார் அழைப்பர். விழுப்புரம் மாவட்டத்தின் திருவக்கரையிலும் இப்படிவு காணப்படுகிறது. அங்குதான் புகழ்பெற்ற கல்மரங்கள் உள்ளன. ஐரோப்பிய இயற்கையியலாளர் சோனரா 1781-இல் இவற்றைப் பற்றிப் பதிவு செய்தார். இவை ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகள் பழமையானவை எனக் கருதப்படுகின்றன. கிளையும் வேரும் பட்டையும் இன்றி அடிமரங்களாகவே கிடப்பதால், வேறிடத்தில் வளர்ந்த மரங்களை வெள்ளம் இங்குக் கொண்டுவந்து சேர்த்திருக்க வேண்டும் என்பர்.

கல்லில் எஞ்சிய செல்கள்

மணலில் புதைந்த மரத்துக்குள் சிலிக்கா கரைந்த நீர் ஊறியது. சிலிக்கா செல்களின் உள்ளும் புறமும் மெல்ல மெல்லப் படிந்தது. மரம் கல்லாயிற்று, ஆனால் செல்களின் அமைப்பு அழியவில்லை. கல்மரத்தைக் குறுக்காகவும், மையத்திலிருந்து ஆரவாக்கிலும், வளையத்தைத் தொட்டுச் செல்லும் வாக்கிலும் மெல்லிய சீவல்களாக வெட்டுவர். அவற்றை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து நுண்ணோக்கியில் காண்பர்.

முதலில் காண வேண்டியது சைலக்குழாய்கள் உள்ளனவா என்பதாகும். புளி, வேம்பு முதலிய பூக்கும் மரங்களில் அவை உண்டு. ஊசியிலை மரங்களில் அவை இல்லை. அவற்றின் கட்டை பெரும்பாலும் டிரக்கீடுகளால் ஆனது. அடுத்து, பிசின் நாளங்கள் உள்ளனவா என்று நோக்குவர். பைன் மரத்தில் அவை இயல்பாகவே காணப்படும். சைப்ரஸ் குடும்பத்திலும் போடோகார்ப்பஸ் குடும்பத்திலும் அவை இயல்பாக அமைவதில்லை. எனவே, இவ்விரு குடும்பங்களின் கட்டைகளையும் பிரித்தறிவது கடினம். டிரக்கீடும் மரக்கதிரும் சந்திக்கும் இடத்திலுள்ள நுண்குழிகளின் வடிவம் போன்ற சிறு வேறுபாடுகளையே நம்ப வேண்டியுள்ளது.

ஒரு பெயர் மாறிய வரலாறு

செல் கொள்கையை உருவாக்கியவர்களுள் ஒருவராக நாம் அறிந்த சிலைடன், திருவக்கரைக் கல்மரம் ஒன்றை ஆராய்ந்து, 1855-இல் அதற்குப் ‘பியூசி சிமிடியானா’ எனப் பெயரிட்டார். பியூசி என்பது ஊசியிலை மரக் கட்டைகளுக்கு அந்நாளில் வழங்கிய பொதுப்பெயர். பின்னர், இந்தியத் தொல்தாவரவியலின் முன்னோடியான பீர்பால் சாஹ்னி, 1931-இல் வெளியிட்ட தம் மறு ஆய்வில் அதனை ‘மெசம்பிரியோசைலான்’ என்னும் பேரினத்தில் சேர்த்தார். ‘தென்திசை மரம்’ எனப் பொருள்படும் இப்பெயர், போடோகார்ப்பஸ் குடும்பத்தை ஒத்த கட்டைகளுக்கு உரியது. அக்குடும்பத்தைச் சேர்ந்த நாகேயா வாலிச்சியானா என்னும் மரம் மேற்குத் தொடர்ச்சி மலையில் இன்றும் இயற்கையாக வளர்கிறது.

முன்னவர் இட்ட பெயரைப் பின்னவர் மாற்றியது அவரை இழித்ததாகாது. முன்னவர் பாதுகாத்த சான்று கைவசம் இருந்ததால்தான் மறு ஆய்வு இயன்றது.

புதைபடிவம் காட்டிய மரம்

சைப்ரஸ் குடும்பத்திலும் இதற்குச் சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு. பூங்காக்களில் வளர்க்கப்படும் துஜா, இமயமலையின் ஜூனிப்பர், 115 மீட்டருக்கும் மேல் உயர்ந்து உலகின் மிக உயரமான மரமாக விளங்கும் அமெரிக்கச் செம்மரம் ஆகியன இக்குடும்பத்தைச் சேர்ந்தவை. ஜப்பானிய அறிஞர் சிகெரு மிகி, செம்மரத்தினுடையவை எனக் கருதப்பட்டுவந்த சில புதைபடிவங்களை மீண்டும் ஆராய்ந்தார். அவற்றில் இலைகள் எதிரெதிராக அமைந்திருந்தன. செம்மரத்தில் அவ்வாறு அமைவதில்லை. ஆகவே 1941-இல் அவற்றிற்கு ‘மெட்டாசெகோயா’ என்னும் புதுப்பெயர் இட்டார். அம்மரம் முற்றும் அழிந்துபோனது என்றே கருதப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் சீனாவில் அதே பேரினத்து மரம் உயிருடன் காணப்பட்டது; 1948-இல் அறிவியல் பெயரும் பெற்றது. இலையமைப்பு என்னும் சிறு வேறுபாட்டைப் புறக்கணித்திருந்தால், அம்மரத்தின் குலத்தை உடனே உணர்ந்திருக்க இயலாது.

வளையங்கள் கூறும் காலம்

கட்டை தன் குலத்தை மட்டுமன்றித் தான் வாழ்ந்த காலத்தையும் கூறும். குளிர்நாட்டு மரங்களில் ஆண்டுதோறும் ஒரு வளையம் உருவாகிறது. வளம் மிக்க ஆண்டில் அது அகன்றும், வறண்ட ஆண்டில் குறுகியும் அமையும். இமாச்சலப் பிரதேசத்தின் லாஹூல் பகுதியில் வளரும் ஜூனிப்பர் மரங்களை, லக்னோவிலுள்ள பீர்பால் சாஹ்னி நிறுவனத்தார் ஆராய்ந்தனர். 2006-இல் வெளியான அவ்வாய்வு, 1584 ஆண்டுகளுக்கான வளைய வரிசையை அளித்தது. மரத்தை வெட்டாமல், துளைக்கருவியால் மெல்லிய குச்சி போன்ற மாதிரியை எடுத்தே வளையங்களை எண்ணலாம். ஒரு மரத்தில் சில ஆண்டுகளின் வளையம் விடுபட்டிருக்கலாம். அதனால் பல மரங்களின் வளையங்களை ஒப்பிட்டே ஆண்டை உறுதி செய்வர். வானிலைக் கருவிகள் தோன்றுவதற்கு முந்தைய காலத்து வறட்சியையும் மழையையும் உய்த்துணர இவ்வரிசைகள் துணைபுரிகின்றன.

சான்றைக் காத்தல்

கல்மரத்துண்டு ஒன்றை அழகுக்காக எடுத்துச் செல்வோர், அதனை வெறுங்கல் என்றே எண்ணுகின்றனர். ஆனால், எந்த அடுக்கில், எவற்றோடு சேர்ந்து கிடந்தது என்பதே அத்துண்டின் அடையாளம். இடம்பெயர்ந்த துண்டின் செல்களைப் பின்னரும் ஆராயலாம். அது கிடந்த இடம் உரைத்த செய்தியை மீட்க இயலாது. நாளை சிறந்த கருவியோடு வரும் ஆய்வாளர், இன்றைய முடிவைத் திருத்தக்கூடும். அதற்கு இடந்தர வேண்டுமெனில், சான்று அதன் இடத்திலேயே இருக்க வேண்டும். வயலிலோ கிணறு தோண்டுமிடத்திலோ மரவடிவக் கல் தென்பட்டால், அதனை அசைக்காமல் படமெடுத்து, இடத்தைக் குறித்து, ஆசிரியர் வழியாக அருங்காட்சியகத்திற்கோ இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ தெரிவித்தல் மாணவர் கடமையாகும்.

கற்பவை கற்றபின்

1. சைப்ரஸ் குடும்பக் கட்டையைப் பைன் கட்டையிலிருந்து வேறுபடுத்தும் முறையை விளக்குக.

2. ‘அறிவியலில் பெயர் மாற்றம் தோல்வியன்று’ – இக்கூற்றைப் பாடப்பகுதியின் சான்றுகளுடன் நிறுவுக.

3. உங்கள் ஊர்ப் பகுதியில் கிணறு தோண்டும்போது காணப்படும் மண்ணடுக்குகளைப் பெரியோரிடம் கேட்டறிந்து, படத்துடன் குறிப்பு எழுதுக.